பெடல் பஞ்சாவது ஏன்?

அடுத்த முறை ஒரு காரில் ஏறும்போது ஓட்டுபவரின் காலைக் கவனியுங்கள். பழகிய ஓட்டுநர் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பிரேக் பெடலை ஒரு முறை மிதித்துப் பார்ப்பார். அரை வினாடிதான். அந்த அரை வினாடியில் அவருடைய பாதம் ஒரு சோதனையைச் செய்து முடித்துவிடுகிறது. பெடல் சிறிது தூரம் இறங்கிக் கல்லில் மோதியது போல் நின்றால் சரி. அப்படி நிற்காமல், இலவம் பஞ்சுத் தலையணையை மிதிப்பது போல் மெத்தென்று அமுங்கினால், அவர் வண்டியை எடுக்கமாட்டார். எடுக்கக் கூடாது.

நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய கோடை விடுமுறையில் என் மாமாவின் பழைய கார் இப்படித்தான் ஆயிற்று. முன்சக்கரங்களின் பிரேக்குகளைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் வளையங்களை மாற்றி, ஒரு பட்டறையில் திரும்பக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமா என்னை உட்கார வைத்து, “மிதிச்சுப் பாருடா” என்றார்.

“பஞ்சு மாதிரி இருக்கு மாமா.”

“காத்து புடிச்சிருக்கு. எடுத்துடலாம்.”

அன்று மாலைக்குள் மூன்று முறை காற்றை எடுத்தோம். மூன்று முறையும் பெடல் பஞ்சாகவே இருந்தது. அந்தப் புதிர் எப்படி அவிழ்ந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு வேண்டிய விஞ்ஞானம் முழுவதும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே

பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே என்ன இருக்கிறது? கம்பியா, சங்கிலியா? இரண்டும் இல்லை. மெல்லிய உலோகக் குழாய்களும், சக்கரத்தை நெருங்கும் இடத்தில் ரப்பர் குழாய்களும், அவற்றில் நிறைந்திருக்கும் ஒரு திரவமுந்தான். நம் ஊர் மெக்கானிக்குகள் அதைப் பிரேக் ஆயில் என்பார்கள். உண்மையில் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் என்ற வகையைச் சேர்ந்த வேதிப்பொருள்களின் கலவை. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

அடைபட்ட திரவத்தின் ஓர் இடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல் கண்டார். அவர் 1662இல் இறந்தார். இதை விளக்கும் அவரது நூல் அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. அதை மோட்டார் வண்டியின் பிரேக்குக்குக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். 1917இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் டூசன்பெர்க் என்ற விலையுயர்ந்த காரிலும், 1924இல் கிரைஸ்லர் காரிலும் நான்கு சக்கரங்களுக்கும் திரவப் பிரேக் வந்தது. ஃபோர்டு கம்பெனி மட்டும் 1939 வரை கம்பிகளாலும் தண்டுகளாலும் இயங்கும் பிரேக்கையே பிடித்துக்கொண்டிருந்தது. அந்த முறையில் நான்கு சக்கரங்களின் தண்டுகளையும் தனித்தனியே திருகிச் சரிசெய்ய வேண்டும். ஒன்று சற்று இறுகினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். திரவத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது; எத்தனை கிளைக் குழாய்கள் இருந்தாலும் எல்லாவற்றிலும் ஒரே அழுத்தந்தான். அந்தக் காலத்துப் பிரேக் திரவம் எது தெரியுமா? ஆமணக்கு எண்ணெயில் ஆல்கஹால் கலந்தது!

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். எல்லாக் கார்களுக்கும் எண்கள் ஒன்றல்ல. ஒரு சிறிய காருக்கு இவை ஏறத்தாழப் பொருந்தும். உங்கள் பாதம் 20 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு பெடலை மிதிக்கிறது. பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை ஐந்து மடங்காக்கி 100 கிலோகிராமாக மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்குத் தருகிறது. அந்தப் பிஸ்டனின் விட்டம் 2 செ.மீ. என்றால் பரப்பு 3.14 சதுர செ.மீ. ஆகவே திரவத்தில் சதுர செ.மீ.க்குச் சுமார் 32 கிலோகிராம் அழுத்தம் உண்டாகிறது. முன்சக்கரத்தில் இருக்கும் பிஸ்டன் பெரியது. விட்டம் 5 செ.மீ. எனக் கொள்வோம். பரப்பு 19.6 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்குங்கள். 600 கிலோகிராமுக்கும் மேற்பட்ட விசை பிரேக் பேடுகளைச் சுழலும் வட்டத்தகட்டின்மேல் அழுத்துகிறது. 20 கிலோகிராமைக் கொடுத்து 600 கிலோகிராமைப் பெற்றுவிட்டோம்!

இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை என்று உங்கள் ஆசிரியர் சொல்லியிருப்பார். விசையில் பெற்றதைத் தூரத்தில் இழக்கிறோம். பெடல் பல செ.மீ. இறங்கினால் சக்கரத்துப் பிஸ்டன் அரை மில்லிமீட்டர் அளவில்தான் நகரும். அது போதும், பேடுக்கும் தகட்டுக்கும் இடைவெளி அவ்வளவு சிறியது. 19.6 சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டன் அரை மில்லிமீட்டர் நகர 1 கன செ.மீ. திரவம் போதும். நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி அளவு. ஒரு டன் எடையுள்ள வண்டியை நிறுத்துவது அந்த ஒரு தேக்கரண்டித் திரவத்தின் இடப்பெயர்ச்சிதான். மாஸ்டர் சிலிண்டர் முழுவதுமாக அமுங்கினாலும் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் தள்ளாது. நம் கதையின் மையம் இந்தச் சிறிய அளவில்தான் இருக்கிறது.

குமிழி தின்னும் தூரம்

குழாயில் 3 கன செ.மீ. காற்று ஒரு குமிழியாக அகப்பட்டுக்கொண்டது என்று வையுங்கள். ஒரு பெரிய திராட்சைப்பழத்தைவிடச் சிறியது. பாயில் விதிப்படி அழுத்தம் எத்தனை மடங்காகிறதோ அத்தனை மடங்கு காற்றின் கன அளவு குறையும். வளிமண்டல அழுத்தத்தோடு நாம் கொடுத்த 32ஐயும் சேர்த்தால் ஏறத்தாழ 33 மடங்கு. 3 கன செ.மீ. காற்று 0.1 கன செ.மீ.க்கும் கீழே சுருங்கிவிடுகிறது. காணாமற்போன 2.9 கன செ.மீ. இடத்தை நிரப்ப மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் கூடுதலாக 9 மில்லிமீட்டருக்குமேல் நகர வேண்டும். அதற்குப் பெடல் அதன் ஐந்து மடங்கு, அதாவது சுமார் 4½ செ.மீ. வீணாக இறங்க வேண்டும். குமிழி இன்னும் பெரிதானால் பெடல் தரையைத் தொட்ட பிறகும் பேடு தகட்டை இறுகப் பிடித்திருக்காது.

“திரவம் மட்டும் அழுங்காதா?” என்று கேட்பீர்கள். திரவங்கள் அழுங்கா என்று புத்தகங்களில் எழுதியிருப்பது முழு உண்மை அன்று. வளிமண்டல அழுத்தத்தைப் போல் 100 மடங்கு அழுத்தம் கொடுத்தால் தண்ணீரும் அரை சதவீத அளவுக்குச் சுருங்கும். பிரேக் திரவமும் அதைப் போலத்தான். குழாய்களில் ஒரு தம்ளர் திரவம் இருந்தாலும் நம் கணக்கின் அழுத்தத்தில் அது மூன்றில் ஒரு பங்கு கன செ.மீ. சுருங்கினால் அதிகம். பெடலில் அது அரை செ.மீ. ஒரு தம்ளர் திரவம் இழக்கச் செய்வதைப் போல் ஒன்பது மடங்கை, ஒரு திராட்சை அளவுகூட இல்லாத காற்று இழக்கச் செய்துவிடுகிறது.

பெடல் கீழே போவது மட்டும் அல்ல, அது பஞ்சைப் போல் இருப்பதும் காற்றின் குணந்தான். காற்று ஒரு வில்சுருள். முதலில் எளிதாக அமுங்கி, அமுங்க அமுங்க எதிர்ப்பைக் கூட்டிக்கொண்டே போகும். காலை எடுத்தால் திருப்பித் தள்ளும். பாதத்துக்கு அது பஞ்சாகத் தெரிகிறது.

இதைக் கையாலேயே உணரலாம். மருந்துக் கடையில் 10 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சுகள் இரண்டு புதிதாக வாங்குங்கள், ஊசி வேண்டாம். பயன்படுத்திய சிரிஞ்சுகளைத் தொடவே கூடாது. இரண்டின் மூக்குகளிலும் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு சாண் நீள பிளாஸ்டிக் குழாயும் வேண்டும். எல்லாவற்றையும் தண்ணீருக்குள் அமிழ்த்தி, காற்று இல்லாதபடி நிரப்பி இணையுங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது அப்படியே வெளியே வரும். இப்போது நண்பர் ஒருவரை இரண்டாவது சிரிஞ்சைக் கட்டை விரலால் நகராமல் பிடிக்கச் சொல்லி, முதலாவதை அழுத்துங்கள். சுவரைத் தள்ளுவது போல் இருக்கும். அடுத்து, 2 மி.லி. தண்ணீரை வெளியேற்றி அந்த இடத்தில் காற்றை விட்டு மீண்டும் அழுத்துங்கள். நண்பரின் சிரிஞ்சு அசையாமலே உங்கள் சிரிஞ்சு உள்ளே போகிறதே! கட்டை விரலின் வலுவில் காற்றின் அழுத்தம் எளிதில் மூன்று மடங்காகும், 2 மி.லி. காற்றில் மூன்றில் இரண்டு பங்கு ‘காணாமற்போகும்’. விரலை எடுத்தால் திரும்பி வரும். பஞ்சுப் பெடலை இதைவிட நன்றாக யாரும் விளக்கிவிட முடியாது. சிரிஞ்சுகளைக் கழற்றுவதற்குள் இன்னொன்றும் செய்யுங்கள்: குழாயைச் சற்று வளைத்து, மேலும் கீழும் ஆட்டி, குமிழி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

பஞ்சு வேறு, பள்ளம் வேறு

பெடல் சரியில்லை என்றால் எல்லாவற்றுக்கும் காற்றே காரணம் ஆகாது. நல்ல மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பெடலை மிதித்துப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார். அந்த வித்தையை நீங்களும் கற்கலாம். வண்டி சமதரையில், ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கால் விசையைப் பெருக்க எஞ்சினின் உறிஞ்சலால் இயங்கும் பூஸ்டர் ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்தபின் நாலைந்து முறை பெடலை மிதித்தால் அதில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர்ந்துவிடும். அதன் பிறகுதான் சோதனை. (காலை பெடலில் வைத்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினால் பெடல் சிறிது இறங்கும். அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். அதைக் கோளாறு என்று எண்ணிப் பயந்தவர்கள் பலர்.)

பெடல் மெத்தென்று அமுங்குகிறது, ஆனால் விரைவாகத் தொடர்ந்து மிதித்தால் மேலேறி இறுகுகிறது என்றால் அது காற்று. முந்திய மிதியில் போன திரவம் முழுவதும் திரும்புவதற்குள் அடுத்த மிதி கூடுதல் திரவத்தை அனுப்பிவிடுவதால் இப்படி நேர்கிறது.

பெடல் வெகுதூரம் தடையின்றி இறங்கி, பிறகு கெட்டியாக நிற்கிறது. இங்கே பஞ்சு இல்லை, பள்ளந்தான் இருக்கிறது. பின்சக்கர டிரம்முக்குள் உள்ள பிரேக் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். அதைச் சரிசெய்யும் திருகைத் திருப்பினால் போதும். தொடர்ந்து மிதித்தால் இதுவும் மேலேறும் என்பதால் சிலர் ஏமாந்து காற்றை எடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மிதித்து நிறுத்திய பெடல், காலை எடுக்காமல் இருக்கும்போதே மெல்ல மெல்லத் தரையை நோக்கி நழுவுகிறதா? இதுதான் மோசமானது. திரவம் எங்கோ தப்பிப் போகிறது. வெளியே கசிந்தால் டப்பாவில் மட்டம் குறையும். டயரின் உட்பக்கத்திலோ சக்கரத்தின் அடியிலோ ஈரம் தெரியும். வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, திரவம் அதைத் தாண்டிப் பின்னால் போகிறது. இரண்டுமே வீட்டு வேலை அல்ல. வண்டியை ஓட்டிச் செல்லாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும்.

இன்னொன்று உண்டு. பழைய ரப்பர் குழாய் உள்ளே நைந்து, அழுத்தத்தில் பலூன் போல் உப்பினாலும் பெடல் பஞ்சாகும். ஒருவர் மிதிக்க, மற்றவர் குழாயை விரல்களால் சுற்றிப் பிடித்துப் பார்த்தால் உப்புவது தெரிந்துவிடும்.

காற்றை வெளியேற்றுதல்

உங்களில் சிலருக்குக் கை துறுதுறுக்கும். ஆகையால் ஒரு கண்டிப்பு: இது விவரம் தெரிந்த பெரியவர் செய்யும் வேலை. ஆனால் இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் சக்கரத்தருகே, ஒருவர் பெடலில். பெடலில் உட்காரும் ஆள் நீங்களாக இருக்கலாம். எளிய வேலை என்று எண்ணாதீர்கள். வேலை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான ஸ்டாண்டின்மேல் இறக்க வேண்டும். ஜாக்கி மட்டுமே தாங்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் உள்ளே துளையுள்ள ஒரு சிறு திருகு உண்டு, நிப்பிள் என்பார்கள். ஒளி ஊடுருவும் குழாயின் ஒரு முனையை அதில் மாட்டி, மறு முனையைச் சிறிது பிரேக் திரவம் ஊற்றிய பாட்டிலில் முழுகும்படி வைக்க வேண்டும். முனை முழுகியிருந்தால் திரவம் உறிஞ்சப்பட்டாலும் காற்று உள்ளே வராது.

இனி உங்கள் பங்கு. கீழிருப்பவர் “மிதி” என்றால் மூன்று நான்கு முறை நிதானமாக மிதித்து, கடைசி மிதியில் பெடலை அழுத்தியபடியே இருங்கள். அவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறப்பார். பெடல் கால்கீழ் நழுவி இறங்கும். குழாயில் குமிழிகள் முத்து முத்தாக ஓடும். அப்படியே அழுத்திக்கொண்டிருங்கள். அவர் நிப்பிளை மூடிவிட்டு “விடு” என்று சொன்ன பிறகே காலை எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் மாஸ்டர் சிலிண்டர் ஓர் உறிஞ்சு பம்பாக மாறி, திறந்த நிப்பிளின் திருகுமரை வழியாகக் காற்றை உள்ளே இழுத்துவிடும். அன்று நான் இரண்டு முறை அவசரப்பட்டேன். மாமா திட்டவில்லை, “திரும்ப மொதல்லேருந்து” என்று மட்டும் சொன்னார். பழைய வண்டியாக இருந்தால் பெடலின் அடியில் ஒரு மரக்கட்டை வைப்பது நல்லது. சிலிண்டரின் அடிப்பகுதியில், பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் துரு படிந்திருக்கும். பெடலை அடிவரை மிதித்தால் ரப்பர் கப் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும்.

நாலைந்து மிதிக்கு ஒரு முறை டப்பாவைப் பார்த்து நிரப்ப வேண்டும். மறந்துபோய் டப்பா வற்றினால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று புகுந்து, வேலை இரட்டிப்பாகும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் என்பதால் அது இடப் பின்சக்கரம். சில வண்டிகளுக்கு வரிசை வேறு; வண்டியோடு தரும் கைப்புத்தகம் சொல்வதே முடிவு. ஏ.பி.எஸ். என்ற கருவி பொருத்திய கார்களில் காற்று அதன் வால்வுகளுக்குள் சிக்கினால், கணினியை இணைத்து அந்த வால்வுகளைத் திறக்கச் செய்ய வேண்டியிருக்கும். அது பட்டறை வேலை.

ஊற்றுவது எது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். மூடியில் குறித்திருக்கும் வகையைத்தான் ஊற்றலாம். “எண்ணெய்தானே” என்று எஞ்சின் ஆயிலை ஒரு கரண்டி ஊற்றினாலும் உள்ளே இருக்கும் ரப்பர்க் கப்புகள் ஊறிய பயறு போல் உப்பி, பிரேக் முழுவதும் பாழாகும். பிரேக் திரவம் கார் பெயிண்டையும் கரைக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வயிற்றுக்குள் போனால் நஞ்சு. குளிர்பான பாட்டிலில் அதை ஊற்றி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. வேண்டவே வேண்டாம்.

மலையிறக்கத்தில் பிறக்கும் குமிழி

இதுவரை பார்த்தது வெளியிலிருந்து புகுந்த காற்று. குழாய்க்குள்ளேயே பிறக்கும் குமிழியும் உண்டு. அது இதைவிடப் பொல்லாதது.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் காரை நினையுங்கள். இறக்கம் ஏறத்தாழ 1,500 மீட்டர். 1,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டி இழக்கும் நிலையாற்றலைக் கணக்கிட்டால் சுமார் 1 கோடியே 47 லட்சம் ஜூல் வருகிறது. 50 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த ஆற்றல் போதும். ஒரு கல்யாண வீட்டு அண்டா! கீழ் கியரில் இறங்கினால் எஞ்சினே பெரும்பங்கை விழுங்கிவிடும். ‘பெட்ரோல் மிச்சம்’ என்று நியூட்ரலில் போட்டு இறங்கினால், காற்றும் டயரும் எடுத்துக்கொண்டது போக மிச்ச வெப்பம் முழுவதும் பிரேக் தகடுகளிலும் டிரம்களிலும் இறங்கும். அங்கிருந்து பிஸ்டன் வழியாகத் திரவத்துக்குப் போகும்.

டாட் 3 என்று குறித்த புதிய பிரேக் திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கட்டளை. டாட் 4க்கு 230. ஆனால் கிளைக்கால் ஈரத்தை விரும்பும் பொருள். மழைக்காலத்தில் உப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதைப் போல் இதுவும் காற்றிலுள்ள ஈரத்தை டப்பாவின் மூடி வழியாகவும் ரப்பர்க் குழாயின் சுவர் வழியாகவுங்கூடச் சிறிது சிறிதாக இழுத்துக்கொள்ளும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் டாட் 3க்கு உறுதி சொல்லப்படும் கொதிநிலை 140 டிகிரிதான். டாட் 4க்கு 155. நூற்றில் நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர் 60, 70 டிகிரியைத் தின்றுவிடுகிறது.

அப்படியானால் ஈரத்தை உறிஞ்சாத திரவத்தையே ஊற்றலாமே? சிலிக்கோன் வகைத் திரவம் அப்படி உண்டு. ஆனால் உள்ளே எப்படியோ வந்துவிட்ட தண்ணீர் அதில் கரையாமல், தனித் துளியாகத் தாழ்ந்த இடத்தில் போய்த் தங்கும். அது 100 டிகிரியிலேயே கொதித்துவிடும், இரும்பையும் அரிக்கும். உறிஞ்சிக் கலந்துவிடுவது ஒரு வகையில் நன்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது திரவத்தை மாற்ற வேண்டும். புதிய திரவம் இளமஞ்சளாக இருக்கும். காப்பி டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

திரவம் கொதிப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பிரஷர் குக்கரில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது அழுத்தத்தால் அல்லவா? பெடலை மிதித்திருக்கும்போது திரவமும் அவ்வாறே அடங்கியிருக்கும். ஒரு வளைவைத் தாண்டிக் காலை எடுத்ததும் அழுத்தம் மறைகிறது; அந்த நொடியில் ஆவிக் குமிழி பிறந்து, திரவத்தை டப்பாவை நோக்கித் தள்ளிவிடுகிறது. அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் பள்ளத்தில் விழுகிறது. முந்திய வளைவில் நன்றாக இருந்த பிரேக்!

தப்பித்தவறி வண்டி நின்று, அரை மணி நேரம் ஆறிவிட்டால் ஆவி திரும்பத் திரவமாகிவிடும். பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். மறுநாள் மெக்கானிக் மிதித்துப் பார்த்து, “பிரேக் நல்லாத்தானே இருக்கு” என்பார். இப்படித் தடயமின்றி மறைவதால்தான் இதைப் பொல்லாதது என்றேன். யாராவது உங்களிடம் மலையில் பெடல் இறங்கியதாகச் சொன்னால், திரவம் மாற்றி எத்தனை ஆண்டாயிற்று என்று கேளுங்கள். பெடல் கெட்டியாகவே இருந்தும் வண்டி நிற்கவில்லை என்று சொன்னால் அது வேறு நோய். பேடுகள் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழந்திருக்கின்றன.

ஓடும் வண்டியில் பெடல் இறங்கிவிட்டால் விரைவாகத் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுக்க வேண்டும். நெம்புகோலை இழுக்கும் வகை ஹேண்ட் பிரேக் கம்பியால் இயங்குவது. திரவம் முழுவதும் கொதித்தாலும் அதற்குத் தெரியாது.

அன்று நடந்தது

மாமாவின் காருக்கு வருவோம். மூன்று முறை காற்றெடுத்தும் பலனில்லை. குழாயில் குமிழியே வரவில்லை. சுத்தமான திரவந்தான் வந்தது. ஆனாலும் பெடல் பஞ்சு. கசிவும் இல்லை, ரப்பர்க் குழாய் உப்பவும் இல்லை. இருட்டத் தொடங்கியதும் மாமா ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தடியில் குனிந்தவர், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு சிரித்தார்.

“நிப்பிள் எங்க இருக்கு, பாரு.”

காலிப்பர் என்பது பேடுகளையும் பிஸ்டனையும் தாங்கும் உறுப்பு. அதன் நிப்பிள் அடிப்பக்கத்தில் இருந்தது. மறுபக்கச் சக்கரத்திலும் அப்படியே. பட்டறையில் திரும்பப் பூட்டும்போது இடப்பக்கத்துக் காலிப்பரை வலப்பக்கத்திலும், வலப்பக்கத்ததை இடப்பக்கத்திலும் மாட்டிவிட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை, மாற்றினாலும் பொருந்திவிடும். ஆனால் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே வந்துவிடும்.

சிரிஞ்சுக் குழாயை ஆட்டியபோது குமிழி எங்கே போய் நின்றது? காலிப்பருக்குள்ளும் காற்று உச்சியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. நாங்கள் மூன்று மணி நேரமாக அடியிலிருந்து திரவத்தை மட்டும் வடித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் காலிப்பர்களை இடம் மாற்றிப் பூட்டி, மேலே வந்த நிப்பிளைத் திறந்ததும் குழாயில் குமிழி வரிசையாக ஓடிற்று. எட்டாவது மிதியில் நின்றுவிட்டது. நிப்பிளை இறுக்கினார் மாமா. அதிகமாக அல்ல, உள்ளே துளையுள்ள திருகு எளிதில் முறியும். என் காலின் கீழே பெடல் இரண்டு விரற்கடை இறங்கிக் கெட்டியாக நின்றது. எஞ்சினை ஓட விட்டு ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்திருக்கச் சொல்லி, நான்கு சக்கரங்களிலும் ஈரம் உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தார். அதன் பிறகு தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, நடக்கும் வேகத்தில் நாலு முறை ஓட்டி நாலு முறை நிறுத்தினார். பாட்டிலில் சேர்ந்திருந்த பழைய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றப் போன என்னைத் தடுத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறைக்குக் கொண்டுபோகும்படி மூடி போட்டு எழுதி வைத்தார்.